நாலு நாள் காய்ச்சல்

விமானக் கம்பெனியில் யார் எந்த விமானத்தில் ஏறுவது என்று பட்டியல் போடும் மேசை அவளுடையது. அதனால் பணிப்பெண்கள் எல்லாருக்கும் அவள் பட்டியலக்கா. பதினொரு வருடம் இந்த நாற்காலியில் உட்கார்ந்து முதுகுவலியைத் தவிர வேறொன்றும் சம்பாதிக்கவில்லை என்று சொல்லிச் சிரிப்பாள். இப்போது சிரிப்பதில்லை.

போன மாதம் பெரிய முதலாளி வந்து மைக்கைப் பிடித்தார். "நாம வளர்றோம்" என்றார். ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் பறக்கும் சின்ன விமானங்களை விற்றுவிட்டு, பதினான்கு மணி நேரம் இறங்காமல் பறக்கும் பெரிய விமானங்களாக ஒன்பது வாங்கப்போகிறார்களாம். எல்லாரும் கை தட்டினார்கள். பட்டியலக்காவும் தட்டினாள், வெட்கக்கேடு! சின்ன விமானத்தில் வேலை பார்க்கும் அறுபத்து நான்கு பேரில் இருபத்திரண்டு பேருக்குத்தான் பெரிய விமானத்தில் இடம் என்கிற சேதி, மூன்று நாள் கழித்துக் காகிதத்தில் வந்தது. மற்றவர்களை விடுவிப்பார்களாம். ஏதோ இத்தனை நாள் கட்டிப் போட்டிருந்த மாதிரி.

அந்த அறுபத்து நான்கில் அவள் கூடப்பிறந்த தங்கையும் ஒருத்தி. தங்கை புருஷனின் ஆலை மூடிக் கிடக்கிறது. வீட்டில் ஐந்து வயிறும் அவள் சம்பளத்தில்தான் நிறைகிறது.

குடியிருப்பதோ ஊர்க்கோடியில். காலை முதல் விமானத்துக்கு ஐந்தரைக்குக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பஸ் நேரத்துக்கு வந்தால் பிழைத்தாள். வராத அன்று ஓட்டமும் நடையுமாக வந்து சேர்வதற்குள் அவள் இடத்தில் வேறொருத்தி ஏறியிருப்பாள். மூன்று தாமதம் ஆனால் சீட்டுக் கிழிந்துவிடும். "நீ வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன்" என்பாள் அக்கா. பார்த்துக்கொண்ட விதம் இதுதான்: தாமதம் என்ற கட்டத்தை விட்டுவிட்டு, நோய் என்ற கட்டத்தில் 'காய்ச்சல்' என்று தட்டிவிடுவாள். பட்டியல் மேசையில் இது பழைய பழக்கம். வேண்டியவர்கள், பாவப்பட்டவர்கள் எல்லாருக்கும் அப்படித்தான். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்றுதான் நினைத்திருந்தாள்.

இன்று காலை மேலாளர் புது விதியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார். பதினான்கு மணி நேரம் தாங்க வலுவான உடம்பு வேண்டும். ஒரு வருடத்தில் மூன்று நாளுக்கு மேல் நோய் விடுப்பு எடுத்தவர்கள் வேண்டாம். "பேரைப் பிரிச்சு மத்தியானத்துக்குள்ள ஒட்டிடுங்க" என்றார்.

அவள் இரக்கப்பட்ட பெயர்கள் ஒவ்வொன்றாக, இருபத்திரண்டாவது பெயருக்கு அடியில் போட்ட கோட்டுக்குக் கீழே இறங்கின. தங்கையின் பெயர் நான்கு நாள் காய்ச்சலோடு நாற்பத்தேழாவதாகப் போய் நின்றது. சாப்பாட்டு வண்டி காலில் ஏறிய அன்றுகூட மூன்று விமானம் ஏறி இறங்கியவள் அவள் தங்கை. பெரிய விமானங்களோ சாயங்காலம் கிளம்புபவை. அந்த நேரத்தில் பஸ்ஸுக்கா பஞ்சம்?

நேராக மேலாளர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் போட்டு உடைத்தாள். "அது காய்ச்சலே இல்ல சார். பஸ் லேட்டு. நான்தான் மாத்திப் போட்டேன்."

மேலாளர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்போ அது நாலு தாமதம். மூணுக்கே வேலை போயிடும்னு உங்களுக்குத் தெரியாதா? இப்படியே விட்டா மூணு மாசச் சம்பளத்தோட மரியாதையா போவாங்க. மாத்தினா இன்னைக்கே வெறுங்கையோட போவாங்க, கூடவே நீங்களும். எதைப் போடட்டும்?"

அவள் மேசைக்குத் திரும்பி வந்து, பட்டியலை இருந்தபடியே அச்சுக்குக் கொடுத்தாள்.

பட்டியலை ஒட்டுவதற்குள் மத்தியான விமானத்துக்குத் தங்கை வந்துவிட்டாள். அரை மணி நேரம் முன்னதாக! "பாத்தியாக்கா? இனிமே எப்பவும் இப்படித்தான். பெரிய விமானத்துக்குப் போறவ ஜம்முனு வரணும்ல?" என்றவள் அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "என்ன, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?"

"உன் பேரு வரலைடி."

"ஏன்?"

"நாலு நாள் காய்ச்சல்னு இருக்கு."

தங்கை சிரித்தேவிட்டாள். "எனக்கா? எனக்கு எப்பக்கா காய்ச்சல் வந்துச்சு?"

பட்டியலக்காவால் தலை நிமிர முடியவில்லை. வீட்டுக்குப் போ, நான் பாத்துக்கறேன் என்று அனுப்பிவைத்த காலைகள் ஒவ்வொன்றாகத் தங்கைக்கு நினைவு வந்திருக்க வேண்டும். சிரிப்பு மெல்ல அடங்கியது.

"நீதானா?"

"நான்தான்."

தங்கை திட்டவில்லை. திட்டித் தீர்த்திருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது. "நேரமாச்சு" என்று பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, பெட்டியை இழுத்துக்கொண்டு போனாள்.

பட்டியலக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவள் வந்த நேரத்தைப் பதியத் திரைக்குத் திரும்பினாள். தாமதமாக வந்தால் எத்தனை நிமிடம் என்று போட அதில் ஒரு கட்டம் உண்டு. முன்னதாக வந்ததைப் போட இடமே இல்லை.