அக்கரையிலிருந்து வந்தவள்

மகள் ருக்கு தொண்டை அடைப்பான் கண்டு இறந்து ஒரு வருஷம் கழிந்த பிறகுதான் அகிலாண்டத்தால் அவளுடைய அலமாரியைத் திறக்க முடிந்தது. பாவாடை, சட்டை, கவுன் எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் அடுக்கி மலேயாவுக்குக் கப்பலில் அனுப்பினாள். அனுப்பும்படி சொன்னவள் விஜயலக்ஷ்மி.

பம்பாய் மாதுங்காவில் எதிர்க் கட்டடத்தில் குடியிருந்த விஜயலக்ஷ்மி, அக்கரைப் பிள்ளைகள் கல்விச் சபையின் காரியதரிசி. பேர்தான் பெரிதே தவிர அது சின்னச் சபை. மாதுங்காவில் ஆபீஸ் போகிறவர்களின் வீட்டுப் பெண்கள் சிலரும், தாராவியில் கடை வைத்திருந்த திருநெல்வேலிக்காரர்கள் சிலரும் சேர்ந்து நடத்தினார்கள். மலேயாவில் ஈப்போவுக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டப் போய் அங்கேயே மாண்டவர்களின் பிள்ளைகளுக்கு ஒரு விடுதி இருந்தது. அந்தப் பிள்ளைகளின் படிப்புச் செலவைச் சபை ஏற்றிருந்தது. அகிலாண்டம் பெண்ணைப் பறிகொடுத்துவிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்ததைப் பார்த்து விஜயலக்ஷ்மிதான் அவளை இழுத்துவந்து சபையில் சேர்த்தாள்.

அறுபத்தைந்தாம் வருஷம் மழைக்காலம் முடிந்ததும் ஆண்டு விழா வந்தது. விடுதி டீச்சர் மீனாட்சியம்மாள் லீவில் இந்தியா வருவதாகவும், ஒரு மாணவியைக் கூட்டிக்கொண்டு வந்தால் சபையாருக்கு நேரில் நன்றி சொன்னமாதிரி இருக்கும் என்றும் எழுதியிருந்தாள். எல்லோருக்கும் சந்தோஷம். தங்க இடம் கொடுப்பதாக அகிலாண்டம் முந்திக்கொண்டாள்.

தாதர் ஸ்டேஷனில் மெட்ராஸ் மெயில் வந்து நின்றது. மீனாட்சியம்மாளின் பின்னால் இறங்கிய பெண்ணைப் பார்த்ததும் அகிலாண்டம் நின்ற இடத்திலேயே நின்றுவிட்டாள். முகம் ருக்குவின் முகமல்ல. கறுத்து, மெலிந்து, எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய ரெட்டைப் பின்னலோடு இருந்தது அந்தப் பெண். ஆனால் கட்டியிருந்தது ருக்குவின் மாம்பழ நிறப் பாவாடை.

"நீங்க அனுப்பின துணிதாம்மா. எல்லாப் பிள்ளைங்களுக்கும் போட்டுப் பார்த்தோம். இவளுக்கு மட்டும்தான் அளவு சரியா இருந்துச்சு" என்றாள் டீச்சர்.

பெண்ணின் பெயர் சந்திரலேகா. வாய் நிறையப் பேசினாள். கப்பலில் வாந்தி எடுத்ததையும், மெட்ராஸில் கடற்கரை பார்த்ததையும் டாக்ஸியில் சொல்லிக்கொண்டே வந்தாள். விடுதியில் வேலுச்சாமி என்று ஒரு தம்பி இருக்கிறான், அவனுக்கு அவள்தான் ஊட்டவேண்டும், வேறு யார் ஊட்டினாலும் துப்பிவிடுவான். வழியில் யாரோ கொடுத்த பிஸ்கோத்துகளைக் கைக்குட்டையில் முடிந்து அவனுக்காக வைத்திருந்தாள். மடியில் அந்த முடிச்சைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

மீனாட்சியம்மாளின் அக்கா பாண்டுப்பில் இருந்தாள். அங்கே பிள்ளை பெற்ற வீடு, இடம் போதாது. அதனால் விழா வரை குழந்தை மாதுங்காவிலேயே இருக்கட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டுப் போனாள்.

மாடிப்படி ஏறி வாசலில் செருப்பைக் கழற்றியபோது சந்திரலேகாவின் பேச்சு நின்றது. கூடத்துக்குள் வந்தாள். ஜன்னலோரம் போகும்போது நடுவில் சட்டென்று ஒதுங்கி, எதையோ சுற்றிக்கொண்டு போகிறவள்போல் வளைந்து போனாள். அகிலாண்டம் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த இடத்தில் இப்போது ஒன்றுமில்லை. ருக்குவின் கட்டில் முன்பு அங்கே கிடந்தது. அவள் இறந்த வாரமே அகிலாண்டத்தின் கணவர் நாணு அதை விற்றுவிட்டார்.

நாணு, கோட்டைப் பகுதியில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். அவரிடம் இதைச் சொன்னபோது, கப்பலில் வந்த குழந்தைக்குத் தரை ஆடுகிறமாதிரிதான் இருக்கும் என்றார். மறுநாளும் அது அதே இடத்தில் ஒதுங்கித்தான் நடந்தது. அதற்குப் பின் அவர் அந்தப் பக்கம் பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆறுமுகத்தாய் தாராவியிலிருந்து வந்து பாத்திரம் தேய்த்துக் கொடுப்பவள். மறுநாள் காலை பாதி வேலையில் கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாள்.

"யம்மா, நான் நாளையிலேருந்து வரல. அந்தப் பிள்ள என்னைய தாயின்னு கூப்பிட்டுச்சு. நம்ம பாப்பா கூப்பிடுத மாரியே இழுத்துக் கூப்பிட்டுச்சு."

அந்தக் குழந்தை எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுமாயிருக்கும் என்று அகிலாண்டம் சமாதானம் சொன்னாள். ஆறுமுகத்தாய் பின்பக்கப் படியில் இறங்கிப் போய்விட்டாள்.

பால்காரன் வந்தபோது இன்னொன்று நடந்தது. சந்திரலேகா கதவைத் திறந்து, நேற்றுப் பாலில் தண்ணீர் அதிகம், அம்மா கோபமாக இருக்கிறாள் என்று அவனிடம் நல்ல பம்பாய் ஹிந்தியில் சொன்னாள். அவன் சிரித்துக்கொண்டே அளந்து ஊற்றிவிட்டுப் போனான். மலேயாத் தோட்டத்துக் கூலிக்காரர் லயத்தில் வளர்ந்த பெண்ணுக்கு ஹிந்தி எப்படி வந்தது? அகிலாண்டம் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். பயம் வரவில்லை. வரவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் உடம்பெல்லாம் ஒரு இதம் பரவியது, ஜுரம் விட்டமாதிரி.

மத்தியானம் அந்தப் பெண் ஜன்னலோரம் உட்கார்ந்து கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து, பிஸ்கோத்துகளை ஒவ்வொன்றாகத் தின்றுகொண்டிருந்தது. தம்பிக்கு வேண்டாமா என்று கேட்டாள் அகிலாண்டம். அது நிமிர்ந்து பார்த்தது. கேள்வி புரியாத முகம். பிறகு சொன்னது:

"அக்கி, தாகமா இருக்கு."

அப்பா 'அகிலா' என்று கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, பேச்சு வந்த வயசில் ருக்கு வைத்த பெயர் அது. அம்மா என்று அவள் கூப்பிட்டதே இல்லை. இந்தப் பெயரை வீட்டுக்கு வெளியே ஒருவரும் அறியமாட்டார்கள்.

தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடித்ததும் மடியில் உட்கார்த்தி வைத்துக்கொண்டாள். அன்று முழுக்க இறக்கவில்லை. மறுநாள் பின்னலைப் பிரித்து, ருக்குவுக்கு வாருகிறமாதிரி ஒற்றைப் பின்னலாக வாரினாள். ருக்குவுக்குப் பிடித்த வெந்தயக் குழம்பு வைத்தாள். குழந்தை தட்டை வழித்துச் சாப்பிட்டது. நாணு இருட்டின பிறகு வந்து, சாப்பாடு வேண்டாம் என்று சொல்லிப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை விழா. ஒரு பள்ளிக்கூட ஹாலை வாங்கியிருந்தார்கள். தாராவிக் கடைக்காரர்கள் குடும்பத்தோடு வந்திருந்தார்கள். பாண்டுப்பிலிருந்து மீனாட்சியம்மாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தாள். விடுதியைப் பற்றியும் தம்பியைப் பற்றியும் சொல்லி, கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று சந்திரலேகாவை மனப்பாடம் செய்யவைத்திருந்தாள்.

குழந்தை மேடையேறி மைக்கின் முன்னால் நின்றது. கொஞ்ச நேரம் கூட்டத்தையே பார்த்தது.

"எனக்குத் தம்பியெல்லாம் கிடையாது. நான் ஒரே பொண்ணு. நாலாங்கிளாஸ் படிக்கறேன். தொண்டை வலிக்கறதுன்னு ஸ்கூலுக்குப் போகலை. அப்புறம் போகவே இல்லை."

குழந்தை வேடிக்கை காட்டுகிறது என்று கூட்டம் சிரித்தது. சிலர் கை தட்டினார்கள். விஜயலக்ஷ்மி சிரிக்கவில்லை. அவளுடைய பெண்ணும் ருக்குவும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். அந்த இழுவையும், வார்த்தையை மூக்கால் முடிக்கிற விதமும் அவளுக்குத் தெரியும். மைக் முன்னால் போய் அவசரமாக எல்லோருக்கும் வந்தனம் சொல்லிக் குழந்தையை இறக்கினாள். பின்வரிசையில் இருந்த நாணு அதற்குள் எழுந்து வெளியே போயிருந்தார்.

விழா முடிந்து எல்லோரும் அகிலாண்டத்தின் வீட்டுக்கு வந்தார்கள். மீனாட்சியம்மாள் குழந்தையைக் கிட்டே அழைத்தாள். அது அகிலாண்டத்தின் புடவைக்குள் ஒண்டிக்கொண்டது. யார் இந்த மாமி என்று கேட்டது.

மீனாட்சியம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கப்பல் ஏறுகிற அன்று வேலுச்சாமியைத் துறைமுகத்துக்குக் கூட்டிப்போனது தப்பாகிவிட்டது என்றாள். அக்காவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு விடாமல் கதறினான். அம்மா இறந்தபோது அவன் கைக்குழந்தை. இந்தப் பெண் தோட்டத்தில் வேலைக்குப் போகிறவர்கள் பிள்ளைகளை விட்டுப்போகிற ஆயக்கொட்டகையில் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு, யாரையும் தொடவிடாமல் வளர்த்தாள். இப்போது அவன் சாப்பிடுகிறானோ இல்லையோ தெரியாது.

"உன் தம்பிம்மா. வேலு. நினைவில்லையா?"

"யாரு வேலு?" என்றது குழந்தை. விளையாட்டு இல்லை. மனசாரக் கேட்டது.

டீச்சரைச் சாமி அறையில் படுக்கவைத்துவிட்டு அகிலாண்டம் கணவரிடம் வந்தாள். நாமே வைத்துக்கொள்ளலாம், எழுதிக் கேட்கலாம், சபையே ஏற்பாடு செய்யும் என்று மளமளவென்று சொன்னாள். நாணு எல்லாவற்றையும் கேட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் அன்றைக்குத்தான் மனம் திறந்து பேசினார்.

"அவ ருக்கு இல்லேன்னு நான் சொல்ல மாட்டேன், அகிலா. ஆனா ருக்குவாவே இருந்தாலும் நமக்கு வேண்டாம். அந்தப் பையன்கிட்டேர்ந்து அவனுக்கு இருக்கிற ஒரே மனுஷியைப் பிடுங்கிண்டு நாம பொண்ணு வளர்க்கறதா?"

அகிலாண்டம் அவரைத் திட்டினாள். கட்டிலை விற்றவர்தானே என்றாள்.

மறுநாள் மீனாட்சியம்மாள் டிக்கெட் விஷயமாக விக்டோரியா டெர்மினஸ் போயிருந்தாள். நாணு ஆபீஸில். வெயில் கூடத்தின் பாதி வரை வந்து கிடந்தது. கீழே காய்கறிக்காரன் கூவிக்கொண்டு போனான். குழந்தை வெறும் தரையில், கட்டில் கிடந்த இடத்தில் சரியாக, கால்களை நீட்டிப் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தது. அகிலாண்டம் பக்கத்தில் உட்கார்ந்தாள். அதன் கையை எடுத்துப் பார்த்தாள். உள்ளங்கை காய்த்திருந்தது. விடுதியில் கிணற்று நீர் இறைத்து, தம்பியின் துணி துவைத்துக் காய்த்த கை. ருக்குவின் கை பஞ்சு மாதிரி இருக்கும். அந்தக் காய்ப்பை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் இருந்தாள். ஒரு பிள்ளை உள்ளே எங்கேயோ அமுங்கிக் கிடக்கிறது, கூப்பிடக்கூட வழியில்லாமல் கிடக்கிறது என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"ருக்கு" என்றாள். அந்தப் பெயரைச் சொல்லி அவள் குழந்தையைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

"ம்."

"போதும்டி கண்ணா. இது உன் உடம்பு இல்லே. இவளுக்கு ஒரு தம்பி காத்துண்டிருக்கான். இவளை விட்டுட்டுப் போ."

குழந்தை தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது. கோபம் இல்லை. பரீட்சையில் தெரியாத கேள்வி வந்தால் ருக்கு பார்க்கிற பார்வை.

"எங்கே போவேன், அக்கி?"

சாமி பேரைச் சொல்லலாம், தாத்தா இருக்கிறார் என்று சொல்லலாம். குழந்தையிடம் பொய் சொல்ல அகிலாண்டத்துக்கு மனசு வரவில்லை. "தெரியலைடி. எனக்குத் தெரிஞ்சா நானே கொண்டு விடுவேன். ஆனா இங்கே இருக்கப்படாது" என்றாள்.

பிறகு குழந்தையின் தொண்டையில் அந்தச் சத்தம் கிளம்பியது. மூச்சு உள்ளே போகும்போது ஓலை கிழிகிறமாதிரி ஒரு சத்தம். ஆஸ்பத்திரியில் ருக்குவிடம் கடைசியாகக் கேட்டது. அகிலாண்டம் அதைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். யாரையும் கூப்பிடவில்லை. சத்தம் மெலிந்து, விட்டு விட்டு வந்து, நின்றது. மடியில் கனம் குறைந்ததுபோல் இருந்தது. செத்துவிட்டதோ என்று மூக்கில் கை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. குழந்தை அயர்ந்து தூங்கியது.

மீனாட்சியம்மாள் திரும்பியபோது அது கண் விழித்தது. அகிலாண்டத்தின் மடியில் இருப்பதைப் பார்த்து வெட்கப்பட்டுச் சட்டென்று இறங்கிக்கொண்டது.

"டீச்சர், இப்ப தம்பி பசியாறியிருப்பானா?"

பிஸ்கோத்து முடிச்சைக் காணோம் என்று வீடெல்லாம் தேடியது. தேடும்போது கூடத்தின் நடுவே நேராக நடந்து ஜன்னலுக்குப் போனது. எங்கேயும் ஒதுங்கவில்லை. அகிலாண்டம் கடைக்குப் போய் ஒரு டின் நிறைய பிஸ்கோத்து வாங்கிவந்து கொடுத்தாள். "ரொம்ப நன்றிங்கம்மா" என்று அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது. அந்த 'ங்கம்மா'வைக் கேட்டு அகிலாண்டம் அடுப்படிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

தாதருக்கு நாணுவும் வந்தார். குழந்தையின் தலையில் முதல் தடவையாகக் கை வைத்தார். ரயில் நகர்ந்தபோது அது எல்லோருக்கும் பொதுவாகக் கை ஆட்டியது.

ஆறுமுகத்தாய் திரும்பவும் வேலைக்கு வந்தாள். அதற்குப் பிறகு அகிலாண்டத்துக்கு ருக்கு கனவில்கூட வரவில்லை. அவளுடைய குரல் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்த்தால், மலேயாக்காரப் பெண்ணின் குரல்தான் காதில் கேட்டது. நாணுவிடம் அதைச் சொன்னாள். தனக்கும் அப்படித்தான் என்று அவர் சொன்னார்.

அடுத்த சபைக் கூட்டத்தில், வருகிற விழாவுக்கும் ஒரு பிள்ளையை வரவழைக்கலாம், ஜனங்கள் கண்ணால் பார்த்தால்தான் கொடுக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். விஜயலக்ஷ்மி அகிலாண்டத்தைப் பார்த்தாள்.

அகிலாண்டம் எழுந்து நின்றாள். அதுவரை சபையில் அவள் பேசியதே இல்லை.

"நாம கொடுக்கறதுக்கு நன்றி சொல்ல எந்தக் குழந்தையும் இங்கே வரவேண்டாம். அதுகள் அங்கேயே அதுகளாவே படிக்கட்டும்" என்றாள்.

ஏன் என்று யாரோ கேட்டார்கள். அவள் உட்கார்ந்துகொண்டாள். விஜயலக்ஷ்மிதான் தலையை ஆட்டி, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றாள்.