தட்டில் இல்லாத ஒன்று

பள்ளி வேன் ஓட்டுபவளுக்கு நினைத்த நேரத்தில் எங்கும் இறங்கிப் போக முடியாது. காலையில் பதினெட்டுப் பிள்ளைகள், மாலையில் அதே பதினெட்டு. நடுவில் கிடைக்கும் நான்கு மணி நேரத்தில்தான் அவளுடைய சமையல், துணி, தூக்கம் எல்லாம். இளையவளுக்கு ஒரு வயது முடிந்ததும், அந்த நேரத்தில் ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினாள். இரண்டு பெண்கள் போதும், கர்ப்பத்தடைக்கு ஏதாவது வைத்துக்கொள்ளலாம் என்று அவளும் கணவனும் பேசி முடிவு செய்திருந்தார்கள். அவனுக்கு அச்சகத்தில் லீவு கிடைக்காததால், குழந்தையைப் பார்த்துக்கொள்ள மாமியார் துணைக்கு வந்தார்.

வழி முழுக்க மாமியார் வாயைத் திறக்கவில்லை. தனக்கு இதில் விருப்பமில்லை என்பதை அவர் இப்படித்தான் காட்டுகிறார் என்று மருமகள் நினைத்துக்கொண்டாள்.

நர்ஸ் ஒரு ஸ்டீல் தட்டை மேஜையில் வைத்தாள். காட்டுவதற்கென்றே வைத்திருந்த சாமான்கள்.

"இது காப்பர் டி. கர்ப்பப்பையில வைக்கிறது. பத்து வருஷம் கவலை இல்ல. ஆனா மாசா மாசம் ரத்தப்போக்கு கொஞ்சம் கூடும்."

"எனக்கு இப்பவே அதிகம்தான். சிக்னல்ல வண்டியை நிறுத்திட்டு எங்க ஓடுறது?"

"அப்ப இதைப் பாருங்க. அதே மாதிரிதான், ஆனா கொஞ்சம் கொஞ்சமா ஹார்மோன் விடும். முதல் சில மாசம் அங்கங்க திட்டுத்திட்டா படும், அப்புறம் போக்கே குறைஞ்சிடும். இந்தக் குச்சி இருக்கே, இதைக் கையில தோலுக்கு அடியில வைப்போம். மூணு வருஷம்."

"கியர் போடுற கையாச்சே!"

"இன்னொரு கையில வைக்கலாமே. அது சும்மாதானே இருக்கு?"

"சும்மாவா? ஸ்டீயரிங்கே அதுலதான் நிக்குது."

நர்ஸ் சிரித்துவிட்டாள். மாத்திரை, ஊசி பற்றியும் சொன்னாள். விடியுமுன் எழுந்து ஓடுகிறவள், தினமும் மறக்காமல் மாத்திரை போடுவது நடக்காத காரியம் என்று மருமகளுக்கே தெரியும். ஹார்மோன் விடுகிற சாதனமே தனக்குச் சரி என்றாள்.

அதுவரை குழந்தையின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்த மாமியார் தட்டை எட்டிப் பார்த்தார்.

"பாம்பு மாதிரி நெளிநெளியா ஒண்ணு இருக்குமே. அதைக் காணோம்?"

"லூப்பா? அதெல்லாம் போயே போச்சும்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டுக்காரிக்கு வச்சாங்க" என்று மாமியார் சட்டென்று சொன்னார். பிறகு, "அதை எடுக்காமலே விட்டுட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"மாதவிலக்கு நின்ன பிறகாவது எடுத்துடணும். வலி இருந்தாலோ, நின்னுபோன ரத்தம் மறுபடி பட்டாலோ உடனே வரச் சொல்லுங்க."

உள்ளே போய்ப் படுத்து எழுந்துவர மருமகளுக்குக் கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அடிவயிற்றில் ஒரு இழுப்பு, அவ்வளவுதான். சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு வேனுக்கு வந்து சாவியைப் போட்டாள். அப்போதுதான் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

"பக்கத்து வீட்டுக்காரி இல்லம்மா. நான்தான்."

மருமகள் எஞ்சினை அணைத்தாள்.

"உன் வீட்டுக்காரனைப் பெத்தப்ப செத்துப் பிழைச்சேன். உங்க மாமாவுக்கு வீடு நிறையப் பிள்ளைங்க வேணும்னு ஆசை. அவர்கிட்ட சொல்லாம வச்சுக்கிட்டேன். ரெண்டு வருஷத்துல எடுத்துடலாம்னுதான் நெனச்சேன். நாள் போகப் போகச் சொல்ல வாய் வரல. முப்பத்தஞ்சு வருஷம் ஓடிப்போச்சு."

"இப்ப ரத்தம் படுதா அத்தை?"

குழந்தையின் தலையைத் தடவியபடியே மாமியார் சொன்னார்: "மூணு மாசமா. துணியைத் தனியா அலசிப் போட்டுடுவேன்."

ஒரே வீட்டில், ஒரே கொடியில் துணி காயப்போட்டும் தன் கண்ணில் படவில்லையே என்று மருமகளுக்கு உறுத்தியது. "இறங்குங்க. வந்த கையோட பார்த்துட்டுப் போலாம்."

"உனக்கு டிரிப் இருக்கே?"

"இன்னும் ஒன்றரை மணி நேரம் இருக்கு. இறங்குங்க அத்தை."

ஸ்கேனில் லூப் தெளிவாகத் தெரிந்தது. இரண்டு நாள் கழித்து டாக்டர் அதை எடுத்துவிட்டு, கர்ப்பப்பையிலிருந்து சிறு துணுக்கைப் பரிசோதனைக்கு அனுப்பினார். பத்து நாளில் முடிவு வந்தது. பயப்பட ஒன்றுமில்லை. வெறும் புண்தான், ஆறிவிடும்.

மாமாவிடம் யார் சொல்வது என்று மருமகள் கேட்கவில்லை. முடிவு வந்த அன்று மத்தியானம் மாமியாரே சொன்னார். மாமா தரைக்கு ஓடு பதிக்கும் வேலை பார்த்து முழங்கால் தேய்ந்தவர், அதிகம் பேசாதவர். கேட்டுவிட்டு, பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினார். மறுநாளும் பேச்சில்லை. தட்டை வைத்தால் சாப்பிட்டார், அவ்வளவுதான். அப்பாவுக்கு என்ன ஆயிற்று என்று மகன் கேட்டதற்கு, "கால் வலியா இருக்கும்" என்று மருமகள் மழுப்பினாள்.

மூன்றாம் நாள் காலை டிரிப்பை முடித்துவிட்டு அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது மாமாவின் குரல் கேட்டது. சமையலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். மாமியார் உள்ளே பருப்பைக் கடைந்துகொண்டிருந்தார்.

"அடுத்த பிள்ளைக்கு அஞ்சு வருஷம் காத்திருந்து பார்த்துட்டு, நான் போய் டாக்டரைப் பார்த்தேன். உனக்குத் தெரியாது. என்கிட்ட ஒரு குறையும் இல்லைன்னாங்க."

மத்து நின்றது.

"அப்ப உன்கிட்டதான் ஏதோ குறைன்னு முடிவு பண்ணிட்டேன். சொன்னா உன் மனசு உடைஞ்சுடும்னு இத்தனை வருஷம் அந்தப் பேச்சையே எடுக்கல."

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?" என்றார் மாமா. குரலில் கோபம் இருந்தது, ஆனால் பெரிதாக இல்லை. பிறகு, "அவ்வளவு பயந்தியா, பிரசவத்துக்கு?" என்று கேட்டார்.

மாமியார் தலையை ஆட்டினார்.

"எனக்குத் தெரியாமப் போச்சே" என்று சொல்லி, நாற்காலியின் கையைப் பிடித்து மெல்ல எழுந்தார். முழங்காலை மடக்க முடியாதவர், சுவரைப் பிடித்துப் பிடித்து மனைவியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

மருமகள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தாள். வேனில் ஏறி, குழந்தைகள் சீட்டுக்கடியில் விட்டுப்போயிருந்த காகிதங்களையெல்லாம் ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தாள்.