வெட்டக் கூடாத மடிப்பு

இந்திரகுமாருக்குத் தெரியாத விஷயம் உலகத்திலேயே கிடையாது. அவரே சொல்லித் திரிவார். மெல்பேர்னில் பழைய புத்தகங்களை ஸ்கேன் செய்து கொடுக்கும் கம்பெனியொன்றில் அவர் மேற்பார்வையாளர். அவருக்குக் கீழே வேலை செய்யும் பிரியந்தினியின் விசாவை நீட்டிக்கக் கம்பெனி தரும் ஸ்பொன்சர் கடிதத்தில் கையெழுத்து வைக்க வேண்டியவரும் அவர்தான். அவளுடைய விசா முடிய ஆறு வாரமே இருந்தது.

திருமதி லியோங் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியை தன் குடும்பத்தின் வம்சாவளிப் புத்தகத்தைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். நூலால் தைத்த பழைய சீனப் புத்தகம். ஒவ்வொரு தாளும் இரண்டாக மடிந்து, மடிப்பு வெளியோரத்தில் இருந்தது.

"பிரஸ்காரன் வெட்டாமல் விட்டிட்டான். கத்தியால கீறிவிடும் பிள்ளை, மெஷினுக்கும் லேசு" என்றார் இந்திரகுமார்.

இந்த வேலை வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து டார்னீட்டிலிருந்து வேலைக்கு வரும் ரயிலில் பிரியந்தினி வாசித்ததெல்லாம் இதைப் பற்றித்தான்.

"அண்ணை, அது அப்பிடித்தான் இருக்க வேணும். மெல்லிய தாள், மை ஊறும் எண்டு ஒரு பக்கம்தான் அச்சடிப்பினம். முந்தி எழுத்து உள்ளுக்கு இருக்க மடிச்சு, முதுகில பசை போட்டு ஒட்டினவை. அப்ப ஒரு விரிப்பில எழுத்து, அடுத்த விரிப்பு வெறுமை. அதாலதான் மடிப்பை வெளியில திருப்பினவை. பசை விட்டுப்போகுது எண்டு பிறகு நூலால தைச்சவை. மடிப்பிலதான் தலைப்பும் பக்க இலக்கமும் இருக்கு. வெட்டினா ரெண்டாப் போயிடும்."

"எனக்கே பாடம் எடுக்கிறீரோ? உமக்குக் கடிதம் வேணுமோ, வேண்டாமோ?"

வெட்டினாள். நூற்றுப் பன்னிரண்டு தாள்கள். தன்மேலேயே அருவருப்பாக இருந்தது.

புத்தகத்தை வாங்க வந்த திருமதி லியோங் அதைத் திறந்ததும் அப்படியே நின்றுவிட்டார். இந்திரகுமார் முந்திக்கொண்டார். இவள் வேலைக்குப் புதிது, தெரியாமல் செய்துவிட்டாள் என்று ஆங்கிலத்தில் மன்னிப்புக் கேட்டார். தயாராக வைத்திருந்த படிவத்தையும் அவளிடம் நீட்டினார். இத்தகைய புத்தகங்களைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது என்று அதில் அச்சிட்டிருந்தது. பிரியந்தினி கையெழுத்து வைத்தாள்.

திருமதி லியோங் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவரோ அவளைப் பக்கத்தில் உட்கார வைத்தார். உனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, உன் பிழையில்லை என்றார். வெள்ளைத் தாளொன்றை எடுத்து உட்புறம் மடித்தார், பிறகு வெளிப்புறம் மடித்தார். பசையிலிருந்து நூலுக்கு வந்த கதையைச் சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல ஆறுதலாகச் சொன்னார். கண் கலங்கியிருந்தும் குரலில் கோபமில்லை. விளங்கியதா என்று கேட்டார்.

மேசைக்கு அப்பால் இந்திரகுமார் பார்த்துக்கொண்டு நின்றார்.

"இப்போதுதான் தெரிந்துகொண்டேன், மிகவும் நன்றி" என்று ஆங்கிலத்தில் சொன்னாள் பிரியந்தினி.