கரண்டியோடு குதித்தவன்

ஸ்பூனில் எடுத்த பால் மாமனாரின் உதட்டோரம் வழிந்தது. மருமகள் துண்டால் துடைத்துவிட்டாள். காலையிலிருந்து அவர் வாய் திறக்கவில்லை. டாக்டர் கையை விரித்துவிட்டுப் போய் ஒரு மணி நேரமாகிறது. பஸ் ஓட்டப் போன புருஷனுக்குத் தகவல் சொல்லியாயிற்று. வண்டியை வேறு ஆளிடம் ஒப்படைத்துவிட்டுத்தான் வர முடியும்.

அவளுடைய தையல் மிஷினுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு பதினேழு வருஷமாகக் கடற்படைக் கதைகளை அளந்தவர். சண்டையில் கப்பல் மூழ்கிய கதையை மட்டும் நூறு தடவையாவது கேட்டிருப்பாள். புருஷன், "ஆரம்பிச்சிட்டாரு" என்று சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவான். பாதி தைத்த துணியோடு அவள் எங்கே போவது?

அந்த மனிதர் பேசாமல் கிடப்பதை அவளால் தாங்க முடியவில்லை.

"மாமா, குண்டு பட்டு கப்பல் சாயுது. நீங்கல்லாம் படகுல ஏறிட்டீங்க. படகுல தண்ணி ஏறுது, அள்ளிக் கொட்ட ஒண்ணுமில்ல. அப்போ கடல்லேருந்து ஒரு கை மேல வருது. கையில பெரிய கரண்டி. யாருன்னு பாத்தா, நம்ம கேப்டன்!"

வேண்டுமென்றேதான் மாற்றிச் சொன்னாள். கிழவரின் நெற்றி சுருங்கியது. கண் திறந்தது.

"கேப்டன் இல்லம்மா. சமையக்காரன்."

"அட, ஆமா மாமா. மறந்தே போச்சு."

இவளை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்பதுபோல் பார்த்தார். கொஞ்ச நேரம் மூச்சு இழுத்து இழுத்து வந்தது. அப்புறம் வரவில்லை.

புருஷன் காக்கிச் சட்டையோடு ஓடிவந்து, அப்பாவின் காலைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றான்.

"கடைசியா ஏதாச்சும் சொன்னாரா?"

"சொன்னாரு."

"என்னைப் பத்தியா?"

பொய் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தாள். "சமையக்காரன்னாரு."

"எந்தச் சமையக்காரன்?"

அவனை நிமிர்ந்து பார்த்தாள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்கிறான்.

"கப்பல் முழுகுறப்போ கரண்டியோட குதிச்சவன். கையில இருந்ததை விடணும்னே தோணலையாம். ரெண்டு நாள் எல்லாரும் மாத்தி மாத்தி அதாலதான் தண்ணிய அள்ளிக் கொட்டினாங்க. மாமா முறை வந்தப்போ, 'உப்புப் போதுமான்னு பாருடா'ன்னானாம்."

அவனுக்குக் குபுக்கென்று சிரிப்பு வந்துவிட்டது. சட்டைக் கையால் முகத்தை அழுத்தித் துடைத்தான்.

வாசலில் அக்கம்பக்கத்தார் செருப்புகளைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவன் போய், "அஞ்சு நிமிஷம் இருங்க" என்று சொல்லிக் கதவை ஒருக்களித்துவிட்டு, திரும்பி வந்து, "முதல்லேருந்து சொல்லு" என்று அவளருகே தரையில் உட்கார்ந்தான்.