இரண்டு பேரும் கண்ணை மூட வேண்டும்

பாறை என்னவோ நல்ல பாறைதான். நாலு பேர் காலை நீட்டி உட்காரலாம், நாவல் மரம் நிழல் கொடுத்தது, காற்றும் நன்றாக வந்தது. ஆனால் பாறை முடிகிற இடத்தில் தரையும் முடிந்துபோய், பள்ளத்தில் மரங்களின் உச்சி தெரிந்தது. பெரியம்மாள் கண்ணில் முதலில் பட்டது அதுதான். வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிகிறவளுக்கு வேறு என்ன தெரியும்? இங்கே வேண்டாம், அந்தப் பக்கம் போகலாம் என்றாள் மகளிடம். நிர்மலா காதில் வாங்காமல் நாவல் மரத்தடியில் உட்கார்ந்துவிட்டாள்.

சேலத்தில் காலேஜ் படித்துக்கொண்டிருந்த பெண் அவள். ஒருநாள் துணிப்பையோடு சின்னசேலத்தில் ரயிலை விட்டிறங்கி வீட்டுக்கு வந்தாள். ஆடி பிறந்ததும் உயிரை விடப் பார்த்தாள். ஆஸ்பத்திரியில் எப்படியோ பிடித்து நிறுத்திக் கொடுத்தார்கள். ஏன் அப்படிச் செய்தாள் என்று இன்றுவரை வாயைத் திறக்கவில்லை. மார்க் குறைந்துபோச்சா, யாராவது ஏதாவது சொல்லிவிட்டார்களா, காதல் கீதல் என்று ஏதாவது உண்டா? பெரியம்மாள் கெஞ்சியும் பார்த்தாள், தலையில் அடித்துக்கொண்டு அழுதும் பார்த்தாள். புருஷன் மாயவன் கேட்கவே இல்லை. கரும்பு வெட்டிவிட்டு வருவான், மகள் முகத்தைப் பார்க்காமல் சோற்றைத் தின்பான், சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். பாவம், அவனுக்கு முடிந்தது அவ்வளவுதான்.

மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மா இன்னொன்றும் சொன்னார். மரம் மட்டை இருக்கிற அமைதியான இடத்தில் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சைக் கவனிக்கட்டும், நீங்களும் கூட உட்கார்ந்து கண்ணை மூடுங்கள், அவளுக்குத் தெம்பாக இருக்கும் என்றார். சொல்லிவிட்டார் மகராசி! கூலிக்காரர்களுக்கு மரம் ஏது? கச்சிராயபாளையத்தில் நிழல் என்று இருப்பதெல்லாம் யாரோ ஒருவருடைய தோப்பு. தோப்பு என்றால் நடுவில் கிணறு. மாயவன் வேலை செய்யும் நிலத்துக்காரர் ராஜாங்கம் நல்ல மனுஷர், மாந்தோப்பில் வந்து உட்காருங்கள் என்று அவராகவே சொன்னார். பெரியம்மாள் கிணற்றை எட்டிப் பார்த்தாள், வேண்டாங்க என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டாள். கோமுகி அணைப் பக்கம் என்றால் கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். கடைசியில் ஒரு நாள் வேலையை விட்டுவிட்டு மகளை வெள்ளிமலை பஸ்ஸில் ஏற்றினாள். கல்வராயன் மலையில் கிணறு இருக்காது, குளம் இருக்காது என்று அவளாகக் கணக்குப் போட்டிருந்தாள். மலை என்றால் பள்ளமும் இருக்கும் என்பது அவள் புத்திக்கு எட்டவில்லை பாருங்கள்.

பாறையில் பெரியம்மாள் நிழலை விட்டு வெயிலுக்கு நகர்ந்து, மகளுக்கும் பள்ளத்துக்கும் நடுவில் மகளைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். இரண்டு பேரும் கண்ணை மூடினார்கள். பெரியம்மாள் மூடியது பேருக்குத்தான். இமைக்கு நடுவில் ஒரு கீற்று திறந்தே இருந்தது. மகளின் கழுத்தில் ஒரு நரம்பு துடிப்பது அதன் வழியே தெரிந்தது. அது துடிக்கிற மட்டும் அவளுக்கு வேறு எதுவும் வேண்டாம். வீட்டிலும் இப்படித்தான். நிர்மலா குளிக்கப் போனால் வெளியே நின்று பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்பாள், பதில் வராவிட்டால் கதவைத் தட்டுவாள், படுத்தால் அவள் தாவணி முனையைத் தன் கையில் சுற்றிக்கொள்வாள்.

"நீ பாத்துக்கினேதான் இருக்க" என்றாள் நிர்மலா. அவள் கண் மூடியேதான் இருந்தது.

"இல்லடி. மூடிக்கினுதான் இருக்கேன்."

"எனக்குத் தெரியும்மா. தூங்கும்போதுகூட பாக்குற." குரலில் கோபமில்லை. கோபம் இருந்திருந்தால் பெரியம்மாள் தாங்கியிருப்பாள். "நீ அப்படி பாக்கப் பாக்க, நான் எப்பவோ செத்துட்டவ மாதிரி இருக்குது. இப்ப மட்டும் மூடும்மா."

வீட்டுக்கு வந்ததிலிருந்து சேர்ந்தாற்போல் இவ்வளவு பேசியதே இல்லை இந்தப் பெண். அதற்காகச் சந்தோஷப்படுவதா, நெஞ்சில் அடித்துக்கொள்வதா? பார்த்தால் இவளுக்கு மூச்சு முட்டுகிறது. பார்க்காமல் இருந்தால் பெற்றவளுக்கு முட்டுகிறது.

"கையயாவது குடுடி, புடிச்சிக்கினு மூடுறேன்."

"கையும் வேணாம்."

பெரியம்மாள் கண்ணை மூடினாள். இந்தத் தடவை நிஜமாகவே இறுக்கி மூடினாள். எங்கோ கொண்டை ஊசி வளைவில் பஸ் ஹாரன் அடித்தது. குருவிகள் ஓயாமல் கத்தின. தன் மூச்சைக் கவனிக்கச் சொல்லியிருந்தார்கள், அவள் மகளின் மூச்சைத் தேடினாள். காற்றில் ஒன்றும் பிடிபடவில்லை.

பிறகு சருகு நொறுங்கியது. ஆள் எழுந்திருக்கிற சத்தம். ஒரு அடி, இன்னொரு அடி. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா? காற்று சத்தத்தைக் கலைத்துக்கொண்டே இருந்தது. மகள் பெயர் தொண்டை வரை வந்தது. கூப்பிட்டால் எல்லாம் போச்சு. கூப்பிடாவிட்டால், ஐயோ, கூப்பிடாவிட்டால்? மகள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான். இரண்டு கையையும் பாறையில் ஊன்றிக்கொண்டாள். மூடிய இமைக்குள்ளிருந்து தண்ணீர் வழிந்து தாடையில் வந்து நின்றது, துடைக்கக் கையை எடுக்கவில்லை.

முகத்தில் அடித்துக்கொண்டிருந்த வெயில் திடீரென்று மறைந்து, நிழல் விழுந்தது. மகள் எதிரே வந்து நிற்பதாக இருக்கலாம், மேகமாகவும் இருக்கலாம். பெரியம்மாள் கண்ணைத் திறக்கவில்லை.