முழங்கால் அளவு

மூட்டு தேய்ந்துபோன மீனாட்சியம்மாள் இனிமேல் குத்தவைக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கழுகுமலை வீட்டில் இருந்ததோ குத்தவைக்கிற கக்கூஸ். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏதாவது செய்யாவிட்டால் திருநெல்வேலியில் மகள் சுதாராணி வீட்டுக்கே போய்விடுவதாக அறிவித்தாள். பலசரக்குக் கடைக்காரரான அவள் புருசன் தங்கசாமிக்கு அது ஒத்துவராது. அவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அது போக, அவள் இல்லாத வீட்டில் யாரோடு சண்டை போடுவது?

கோவில்பட்டிக் கடையில் உட்கார்கிற வெஸ்டர்ன் கக்கூஸ் ஒன்று வாங்கியிருக்கலாம். மனுசன் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறி, உடைத்த படகுகளின் சாமான் விற்கிற இடத்தில் ஒரு பீங்கானைப் பிடித்துக்கொண்டு வந்தார். பக்கவாட்டில் கைப்பம்பு வேறு.

"வெள்ளக்காரன் படகுல இருந்தது. நாலு அடி அடிச்சா ஒரு செம்புத் தண்ணில வேலை முடிஞ்சிரும்" என்று தெருவுக்கே விளக்கினார். தண்ணீர் லாரியை நம்பியிருக்கிற தெருவுக்கு அது பெரிய விஷயம்தான்.

ஆனால் படகில் ஏது இடம்? பீங்கான் ஒன்றரைச் சாண் உயரம்தான். உட்கார்ந்த மீனாட்சியம்மாள் எழுந்திருக்க முடியாமல் உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள்.

கொத்தனார் சோலைச்சாமி வந்து பார்த்தார். மேடை கட்டி ஏற்றிவிடலாம் என்றார். "அம்மாவுக்குத் தரையில இருந்து முழங்கால் எம்புட்டு உயரம்னு அளந்து சொல்லுங்க அண்ணாச்சி. நான் அளக்கது மொறையில்ல."

அடுத்த ஆள் இருக்கும்போது பெண்டாட்டி காலைப் பிடிப்பதா? தங்கசாமிக்குக் காது சிவந்துவிட்டது. "முப்பத்தஞ்சு வருசமா குடும்பம் நடத்துதேன். அவ உயரம் எனக்குத் தெரியாதா?" என்று தன் முழங்காலையே தொட்டுக் காட்டினார். அவர் ஆறடி ஆள்.

சனிக்கிழமை மீனாட்சியம்மாள் ஏறி உட்கார்ந்தாள். இரண்டு காலும் அந்தரத்தில் ஆடின.

"தேர்ல ஏத்தி வச்ச மாதிரில்லா இருக்கு" என்றாள் வெளியே வந்து. "நாளைக்குக் காலைல நான் கெளம்புதேன்."

தங்கசாமி கொத்தனாரை டீ குடிக்க அனுப்பினார். சணலை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்தவள் முன்னால் குத்தவைத்தார். அவள் கூச்சத்தோடு சேலையைக் கொஞ்சம் உயர்த்தினாள். முழங்கால் பன் ரொட்டி மாதிரி உப்பியிருந்தது.

"ஏட்டி, இம்புட்டு வீங்கியிருக்கு. காட்டவேயில்லையே."

"நீங்க எப்பப் பாத்தீங்க?"

மனுசனா நான் என்று தன்னையே திட்டிக்கொண்டார். தரையிலிருந்து அவள் முழங்கால்வரை சணலைப் பிடித்து, முடிச்சுப் போட்டுவிட்டு எழப் பார்த்தார். எழ முடியவில்லை. இடது முட்டி 'மளுக்'கென்று பிடித்துக்கொண்டது.

மீனாட்சியம்மாள் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். "இது எப்ப இருந்து?"

"போன ஐப்பசியில இருந்து."

"நீங்களும் சொல்லல, பாத்தீங்களா?" அவளுக்குச் சிரிப்பும் கண்ணீரும் சேர்ந்து வந்தன. "சுதாராணிக்குப் போன் போட்டு நான் வரலன்னு சொல்லிருங்க. உங்கள இப்படி விட்டுட்டு எங்கன போக?"

டீ குடித்துவிட்டு வந்த கொத்தனாரிடம், "இவியளுக்கும் மூட்டு போயிருச்சு" என்றாள்.

சோலைச்சாமி தலையைச் சொறிந்தார். "அப்ப யார் உயரத்துக்கு வைக்க அண்ணாச்சி?"

தங்கசாமி சணலை நீட்டினார். "அவளுக்கே வையி. எனக்குத் தூக்கிவிட ஆள் இருக்கு."