தாய்களைத் தவறாது அழைத்து வரவும்

கொஸ்லந்தைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தின் கீழ்ப்பிரிவில், கந்தப்பன் பதினான்கு வருடமாகத் தொழிற்சங்கத் தலைவர். கோயிலில் முதல் விபூதியும் சாவு வீட்டில் நாற்காலியும் அந்தப் பதவிக்கு உண்டு. ஐம்பத்து மூன்று வயதிலும் தூரப் பார்வையில் அவரை அசைக்க முடியாது. எதிர்மலை வளைவில் ஊர்ந்து வருவது மொனராகலை பஸ்ஸா பண்டாரவளை பஸ்ஸா என்று தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் இஸ்தோப்புத் திண்ணையில் நின்றபடியே சொல்லிவிடுவார். கையிலிருக்கிற கடிதம்தான் மூன்று வருடமாகத் தெரியாது.

அதை ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கண்ணாடி என்பது ஆபீஸ் கிளாக்கர்மாருக்கும் சாகப்போகிற கிழவர்களுக்கும் உரியது என்பது அவர் கொள்கை. எனவே தனக்கென்று ஒரு வழி வைத்திருந்தார். வந்த கடிதத்தை இஸ்தோப்புத் தூணில் செருகிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, மூன்றடி தள்ளி நின்று ஆழ்ந்து யோசிப்பவர் போலப் பார்ப்பார். பிடிபடுகிற சொற்களைப் பிடித்துக்கொள்வார். மிச்சத்தை அனுபவத்தால் நிரப்புவார். பதினான்கு வருட அனுபவம், நிரப்புவதற்குப் பஞ்சமில்லை.

அந்தப் பிரிவில் இதைக் கவனித்தவள் கலாராணி ஒருத்திதான். கொழுந்து பறிப்பவள், நாற்பத்தாறு வயது. கொழும்பில் வேலை செய்யும் மகள் யசோதினி போனில் அனுப்புவதை வாசிக்க முடியாமல் போனதும், பெரகல சந்தியில் மஹ்ரூப் கடைக்குப் போய் நானூறு ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கி மாட்டிக்கொண்டாள். ஒருநாள் தலைவரிடமும் சொல்லிப் பார்த்தாள்.

"தலைவரே, நீங்களும் ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாருங்க. எழுத்தெல்லாம் பளிச்சுன்னு தெரியுது."

"ஏம்மா, கண்ணாடி போட்டா கொழுந்து தானா வந்து கூடைல விழுதா?" என்றார் கந்தப்பன். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

சித்திரை கழிந்ததும் அரசாங்க முத்திரையோடு ஓர் அறிவித்தல் வந்தது. வழக்கம்போலத் தூணுக்குப் போனது. ஞாயிறு, காலை ஒன்பது மணி, கோயில் முன்றல் என்பவை கொட்டை எழுத்தில் இருந்தன. கீழே எல்லாம் எறும்பு. 'அ' என்று தொடங்கிய ஒரு சொல் அமைச்சர் என்று பட்டது. 'ஏற்றப்படும்' என்பது தெரிந்தது. கொடியைத் தவிர வேறெதை ஏற்றப்போகிறார்கள்? நடுவில் ஒரு வரி மட்டும் ஓரளவு பிடிபட்டது: 'தாய்களைத் தவறாது அழைத்து வரவும்.'

"அமைச்சர் வாறாரு! தாய்மாருங்கள முன்னால நிக்க வைக்கணுமாம். கொடி ஏத்துறாங்க!" என்று லயம் லயமாகச் செய்தி போனது. தாளைக் கந்தப்பன் கோயில் சுவரில் ஒட்டியும் வைத்தார். பொடியெழுத்து தெரிகிற வயசுக்காரர்கள் எல்லாரும் கொழும்புக் கடைகளில் வேலைக்கு நின்றார்கள். ஊரில் இருந்தவர்களுக்கு முத்திரை தெரிந்தது, அது போதும். கலாராணி கண்ணாடியை மாட்டி ஒருமுறை வாசித்தாள், இன்னொரு முறையும் வாசித்தாள். பக்கத்து வீட்டு நிரஞ்சலாவிடம் மெல்லச் சொன்னாள். "போடி, தலைவருக்குத் தெரியாததா ஒனக்குத் தெரிஞ்சிருச்சு?" என்றாள் நிரஞ்சலா.

ஞாயிறு காலையில் கோயில் முன்றல் கல்யாண வீடாகிவிட்டது. பெட்டிக்குள் கிடந்த பட்டுச்சேலைகள் வெளியே வந்தன. பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். ஆண்கள் தப்புப் பறையை நெருப்பில் காய்ச்சி வைத்திருந்தார்கள். கலாராணி மட்டும் வேலைக்குப் போகிற பழைய சேலையில், கயிற்றில் கட்டிய தன் செவலை நாயோடு ஓர் ஓரமாக நின்றாள்.

"அமைச்சரு வாற நேரத்துல நாயக் கூட்டிட்டு வந்திருக்கியே, அறிவிருக்கா?" என்றார் கந்தப்பன்.

"அது பாட்டுக்கு நிக்கட்டுங்க" என்றாள்.

வான் வந்து நின்றதும் தப்பு முழங்கியது. இறங்கிய இளைஞர் இரண்டாவது காலைத் தரையில் வைப்பதற்குள், முன்வரிசையில் நின்ற கிழவி பெரியாயி அவர் கழுத்தில் சாமந்தி மாலையைப் போட்டுவிட்டாள். அவர் பெயர் ஹுமைத். கையில் ஐஸ் பெட்டி. கூட்டத்தைப் பார்த்தார், மாலையைப் பார்த்தார்.

"சந்தோசம். நாயெல்லாம் எங்க?"

தப்பு நின்றது.

"எந்த நாயி?" என்றார் கந்தப்பன்.

கலாராணி சுவரருகே போய்க் கண்ணாடியை மாட்டினாள். கடைசி வரிசைக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "அனைவரும் தத்தமது நாய்களைத் தவறாது அழைத்து வரவும். விசர்நாய்க்கடித் தடுப்பூசி ஏற்றப்படும்."

பெரியாயிக்கு விளங்க ஒரு நிமிடம் எடுத்தது. "அடப் படுபாவி! நாயிக்கு வந்த கடுதாசிக்கா எங்களப் பட்டுடுத்தி வரிசைல நிக்க வச்ச?"

"ஆபீஸ்ல அடிச்சவன் தப்பா அடிச்சிருக்கான்…" என்று கந்தப்பன் தொடங்கினார். கேட்க ஆளில்லை. அடுத்த ஒரு மணி நேரம் பட்டுச்சேலைகள் லயத்துப் பின்பக்கமெல்லாம் நாய் துரத்தின. அந்தக் கிழமை முழுக்க மலையில் கொழுந்து பறிக்கிறவர்கள் ஒருவரையொருவர், "என்னா தாயி, ஊசி போட்டாச்சா?" என்று விசாரித்துக்கொண்டார்கள்.

புதன்கிழமை கந்தப்பன் யாரிடமும் சொல்லாமல் பெரகலைக்கு பஸ் ஏறினார். மஹ்ரூப் ஒரு பால்மா பைக்கற்றைக் கையில் கொடுத்து வாசிக்கச் சொல்லி, கண்ணாடிகளை ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். இரண்டரை நம்பரில் எழுத்துகள் வரிசையாக எழுந்து நின்றன. ஆனால் அந்த நம்பரில் மிஞ்சியிருந்தது ஒன்றே ஒன்று. ஊதா நிறம், காதோரம் மினுங்கும் கற்கள்.

"இது பொம்பளைங்க போடுறதில்ல?"

"கண்ணுக்கு ஆம்புள பொம்புள இல்ல தலைவர். வேணாம்னா அடுத்த கிழமை வாங்க."

அடுத்த கிழமைக்குள் இன்னொரு கடிதம் வந்தால் என்ன செய்வது? கல் வைத்த கண்ணாடியை வாங்கிக்கொண்டார்.

வரும் வழியெல்லாம் கண்ணில் பட்டதை வாசித்தார். பஸ் டிக்கெட், தைலப் போத்தல், சீட்டு முதுகில் கிறுக்கியிருந்த காதலர் பெயர்கள் எல்லாவற்றையும். வீட்டுக்கு வந்தும் ஆசை தீராமல் சங்கத்துக் கடிதக் கட்டை எடுத்தார். அங்கே ஒரு தாளில் தன் கையெழுத்தையே கண்டார். மாசி மாதம் தோட்ட மேலாளரான துரை, "சும்மா ஒரு வழமைக்குத்தான்" என்று நீட்ட, பேனாவைச் சுழற்றிப் போட்ட கையெழுத்து. 'லயக் கூரைகள் யாவும் திருப்திகரமான நிலையில் உள்ளன. இவ்வாண்டு புதிய தகரம் தேவையில்லை என்பதைத் தொழிலாளர் சார்பில் உறுதிப்படுத்துகிறேன்.'

கண்ணாடியைக் கழற்றினார். எழுத்தெல்லாம் கலங்கி மறைந்தது. மனசும் கொஞ்சம் லேசானது. மாட்டினார்; திரும்ப வந்துவிட்டது. தாளை வீட்டில் விட்டுவைக்கப் பயந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டே திரிந்தார்.

ஞாயிற்றுக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் பேச்சு கூரைக்குத்தான் வந்தது. "எங்கூட்டுல மூணு சட்டி வச்சும் ஒழுகுது. தகரம் எப்ப வரும்?" என்றாள் பெரியாயி.

"மேலிடத்துல பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்…"

கந்தப்பனின் கை அடிக்கடி சட்டைப்பைக்குப் போவதைக் கலாராணி பார்த்துக்கொண்டிருந்தாள். "அது என்னாங்க கடுதாசி? நீங்க வாசிக்கிறீங்களா, நான் வாசிக்கவா?" அவள் கண்ணாடி ஏற்கெனவே மூக்கில் இருந்தது.

கந்தப்பன் கற்கள் மினுங்க ஊதாக் கண்ணாடியை மாட்டினார். சிலர் சிரிக்கத் தொடங்கி, அவர் வாசிக்க வாசிக்க நிறுத்திக்கொண்டார்கள். ஒரு சொல்லையும் அவர் நிரப்பவில்லை.

"யாரு கையெழுத்து?" என்றாள் பெரியாயி.

"என்னோடதுதான்."

மறுநாள் காலை வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களத்தில் பெயர் கொடுத்த பெண்கள் மலைக்கு ஏறாமல் ஆபீஸ் வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். துரை தன்னிடமிருந்த கடிதப் பிரதியைக் காட்டினார். "உங்க தலைவரே கையெழுத்துப் போட்டிருக்காரே?"

"அப்ப அவருக்குக் கண்ணு தெரியாதுங்க. இப்பத் தெரியுது" என்றாள் கலாராணி.

கந்தப்பன் தலையைக் குனிந்தபடி, "ஆமாங்க, தெரியல" என்றார். அதைச் சொல்ல அவருக்கு மூன்று வருடம் பிடித்திருந்தது.

பழைய கடிதம் ரத்தானது. தகரம் தருவதாக எழுதிய புதியதில் 'இயன்றவரை' என்று ஒரு சொல்லைக் கிளாக்கர் நுழைத்திருந்தார். கலாராணி கண்டுபிடித்து வெட்டச் சொன்ன பிறகுதான் கந்தப்பன் கையெழுத்துப் போட்டார். மழைக்கு முன்னால் ஆறு லயத்தில் இரண்டுக்குத் தகரம் வந்தது. பெரியாயி வீடு அந்த இரண்டில் இல்லை.

"அடுத்த மாசம் வந்திரும்" என்று தலைவர் அவளுக்கு ஆறுதல் சொன்னார்.

"எந்த மாசம்னு எழுதிக் குடுங்க" என்றாள் பெரியாயி. அவர் எழுதிக் கொடுத்தார். அவளுக்கு வாசிக்கத் தெரியாது. தாளை வாங்கிக்கொண்டு நேரே கலாராணி வீட்டுக்கு நடந்தாள்.